குத்தகைப் பத்திரமும் நில வரைபடமும்

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் எடுப்பதும் நமது கிராமங்களில் தொன்றுதொட்டு நடந்துவரும் காரியமாகும். முன்னாளில் குத்தகை என்றால் பெரும்பாலும் சாகுபடிக் குத்தகைதான். நிலத்தை உடையவரும் உழுபவரும் ஒரே ஊரினர். எந்த வரப்பு யாருடையது, எந்த மடை யாருக்குத் திறப்பது என்பதெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். ஆகவே பத்திரத்தில் ஒன்றிரண்டு விவரங்கள் விட்டுப்போனாலும் பெரிய கெடுதல் விளைந்ததில்லை.

பாலாற்றங்கரையில் வாலாஜா, மேல்விஷாரம் தொடங்கி வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரையிலுள்ள தோல் தொழில் வட்டாரத்தில் இந்நிலை மாறிவிட்டது. இன்று சாலையோரத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயி, அதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து, காலணியின் மேற்பகுதி தைக்கும் கொட்டகைக்கோ, தோல் கிடங்குக்கோ, லாரி நிறுத்துமிடத்துக்கோ ஐந்தாண்டு, ஒன்பதாண்டு என்று குத்தகைக்கு விடுகிறார். எடுப்பவர் வெளியூர்க்காரராக இருப்பார். சில சமயம் ஒரு கம்பெனியாகவும் இருக்கும். கையெழுத்திட்ட மானேஜர் மாறிப்போவார். விட்டவரும் காலமாகி, பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்ளுவார்கள். அன்று அந்த இடத்தில் நின்று அளந்தவர் ஒருவரும் இல்லாத நாளிலும், எந்த இடம் குத்தகைக்கு விடப்பட்டது என்பதைப் பத்திரம்தான் சொல்லியாக வேண்டும். பத்திரத்தின் எழுத்தினால் மட்டும் இது பல சமயங்களில் இயல்வதில்லை. அதனுடன் ஒழுங்கான வரைபடம் ஒன்று இணைய வேண்டும். அவ்வரைபடத்தை எப்படித் தயார் செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஊரையும் ஆட்களையும் குறிப்பிட வேண்டியதில்லை.

ஒரு விவசாயிக்குச் சாலையின் வடபுறம் 2 ஏக்கர் நிலம். வடகிழக்கு மூலையருகே கிணறு, பின்பகுதியில் தென்னை. சாலையோரமாகக் கிழக்குக் கோடியில் ஒரு பகுதியை மேற்பகுதி தைக்கும் கொட்டகைக்காக ஒன்பது ஆண்டுகளுக்கு விட்டார். முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பதிவு செய்யவில்லை; வரைபடமும் இல்லை. சொத்து விவரத்தில், 'ரோட்டின்மேல் 30 மீட்டர், நீளம் 40 மீட்டர், ஆக சுமார் 30 செண்டு. தெற்கே ரோடு, கிழக்கே அடுத்தவர் நிலம், மேற்கேயும் வடக்கேயும் என் மீதி நிலம்' என்று எழுதியிருந்தது.

இரண்டு வருஷம் ஒரு குறையுமில்லை. மூன்றாம் வருஷம் கொட்டகைக்காரர் சுற்றிலும் கம்பி வேலி போட்டபோது, கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதை வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டது. மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் அப்பாதை குத்தகைப் பகுதிக்கு வடக்கே தம் மீதி நிலத்தில் உள்ளது என்றார் விவசாயி. தாம் குத்தகை கொடுப்பது 30 செண்டுக்கு. 30 செண்டு முழுவதையும் வேலி கட்டினால் பாதை உள்ளேதான் வரும் என்றார் கொட்டகைக்காரர். ஊராட்சி அலுவலகத் திண்ணையில் மூன்று முறை பேச்சு நடந்தது. தென்னைக்கு உரம் ஏற்றிச் செல்ல வழியில்லை. கிணற்று மோட்டார் பழுதானபோது அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் பேச்சின்போது நானும் போயிருந்தேன்.

விஷயம் என்னவென்றால், இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அந்நிலத்தின் கிழக்கு வரப்பு சாலைக்கு நேர் செங்குத்தாக இல்லை, சாய்ந்து செல்லுகிறது. விவசாயி நாடாவைச் சாய்ந்த வரப்பின் மேலேயே பிடித்து 40 மீட்டர் அளந்தார். கொட்டகைக்காரரோ 30-ஐ 40-ஆல் பெருக்கி, 1,200 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 செண்டு எனக் கணக்கிட்டுக் குத்தகையைப் பேசினார்.

இங்கே கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொண்டால் விளங்கும். நான்கு சட்டங்களின் நீளம் மாறாதிருந்தும், பொருத்து தளர்ந்த கட்டில் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளுகிறதல்லவா? கோணியபின் அதன் உட்பரப்பு குறைந்துவிடுகிறது. நிலமும் அப்படியே. 30 மீட்டர், 40 மீட்டர் பக்கங்களை உடைய நிலம் செவ்வகமாக இருந்தால் 1,200 சதுர மீட்டர். அதே பக்கங்கள் 60 பாகைக் கோணத்தில் சாய்ந்திருந்தால் 1,039 சதுர மீட்டர்தான். செண்டுக் கணக்கில் 29.65-க்குப் பதிலாக 25.68. நான்கு செண்டு காணாமற்போய்விடுகிறது. அந்நிலத்தின் சாய்வும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. விட்டுப்போன நான்கு செண்டைக் கொட்டகைக்காரர் வடக்கே தேடிக்கொண்டார். அங்கேதான் பாதை இருந்தது.

இதைத் தடுக்கும் வழி மிகவும் எளிது. நான்கு பக்கங்களோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து எழுத வேண்டும். செவ்வகமாக இருந்தால் மூலைவிட்டம் சரியாக 50 மீட்டர் வரும். மேற்சொன்ன சாய்வில் ஒன்று 36 மீட்டரும் மற்றொன்று 61 மீட்டருமாக வரும். மூலைவிட்டம் எழுதப்பட்ட நிலம் கோணிக்கொள்ள முடியாது. நமது நில அளவைத் துறையினர் ஒவ்வொரு புலத்தையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்து வைத்திருப்பதன் காரணமும் இதுவே.

எல்லை விவரத்திலும் ஒரு குறை இருந்தது. 'வடக்கே என் மீதி நிலம்' என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். மீதி நிலம் எங்கே தொடங்குகிறது என்பதுதானே கேள்வி! பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் நான்கெல்லையையே பெரிதும் நம்புவது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் முறையாகும். முழுப் புலத்தை விற்பதிலோ விடுவதிலோ அது நன்றாகப் பயன்படும். ஒரு புலத்தின் நடுவே ஒரு துண்டை மட்டும் விடும்போது, ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ எல்லையே இல்லாமல் இருக்கிறது. அதை அளவினாலும் கல்லினாலும் படத்தினாலும் நாம்தான் உண்டாக்க வேண்டும்.

சட்டம் கேட்பது என்ன?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 107-ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும், ஆண்டுக்காண்டு தொடரும் குத்தகையும், ஆண்டு வாடகை குறிக்கும் குத்தகையும் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே ஏற்பட முடியும். அப்பத்திரத்தில் விடுபவர், எடுப்பவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-ஆவது பிரிவும் இதையே வற்புறுத்துகிறது. பதிவு செய்யத் தவறினால், அச்சட்டத்தின் 49-ஆவது பிரிவின்படி அப்பத்திரம் நிலத்தின் மீது உரிமை எதையும் உண்டாக்காது. மேலே சொன்ன வழக்கில் ஒன்பதாண்டு என்று எழுதிய காலத்தை நிலைநாட்டக் கொட்டகைக்காரருக்கு அந்தத் தாள் உதவாது. வேலியைப் பற்றிச் சண்டையிட்டவருக்கு, தம் கொட்டகையின் அஸ்திவாரமே ஆடிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

பதினோரு மாதத்திற்கு எழுதிப் புதுப்பித்துக்கொண்டே போகும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. வீட்டு வாடகைக்கு அது போதுமானதாக இருக்கலாம். பணம் போட்டுக் கொட்டகை எழுப்புகிறவருக்கும், அக்கொட்டகையை நம்பித் தென்னந்தோப்பின் ஒரு பகுதியை அழித்துக் கொடுக்கிறவருக்கும் அது தகுந்த பாதுகாப்பாகாது என்பது என் கருத்து. நகர்ப்பகுதியிலுள்ள கட்டிடங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் தனியே இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த அச்சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். சாகுபடிக் குத்தகைக்கோ 1955-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமைப் பதிவேட்டிற்கான 1969-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. அவ்விரண்டு வகைகளையும் இங்கே நான் விரிக்கவில்லை.

வரைபடத்தைப் பற்றிப் பதிவுச் சட்டம் 21-ஆவது பிரிவில் கூறுகிறது. சொத்தை அடையாளம் காண்பதற்குப் போதுமான விவரமில்லாத பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கலாகாது. கிராமப்புற நிலமானால் அதன் பெயர் இருந்தால் பெயர், எந்தப் பிரிவில் உள்ளது, பரப்பு, ஒட்டியுள்ள சாலைகளும் நிலங்களும், யார் அனுபவத்தில் உள்ளது என்பவற்றைச் சொல்ல வேண்டும். இயன்ற இடங்களிலெல்லாம் சர்க்கார் நில அளவைப் படத்தையும் குறிப்பிட வேண்டும். பத்திரத்தில் வரைபடம் சேர்ந்திருந்தால் அதன் உண்மை நகல் ஒன்றையும் உடன் கொடுக்க வேண்டும். நகலில்லாமல் பத்திரத்தைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் பலர்.

பத்திரத்தைப் பதிவு செய்வதனால் வரைபடம் சரியென்று சர்க்கார் உத்தரவாதம் அளித்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நமது நாட்டில் சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தைத்தான். குத்தகைத் துண்டின் எல்லையை நிலத்தில் அளந்து பார்த்துச் சான்று தருவது அவருடைய வேலையன்று. இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே நில உரிமையையே சர்க்கார் பதிவு செய்கிறது. 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஏழாண்டுக்கு மேற்பட்ட குத்தகைகள் அப்பதிவகத்தில் ஏற வேண்டும். குத்தகையின் வரைபடம் அளவுத்திட்டப்படி இல்லையென்றாலும், வடக்கு எது என்று குறிக்கவில்லையென்றாலும் பதிவகத்தார் ஏற்கமாட்டார்கள். 'அடையாளத்திற்காக மட்டும்' என்று எழுதிய படத்தையும் மறுத்துவிடுவார்கள். பொறுப்பில்லாத படம் எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. இலங்கையிலோ நிலப் பத்திரங்களின் அட்டவணையில், உரிமம் பெற்ற நில அளவையாளர் வரைந்த படத்தின் எண்ணும் தேதியும் இடம்பெறுவது சாதாரண வழக்கம். நம்மிடம் இவ்வளவு கண்டிப்பு இல்லை. அதனாலேயே பத்திரம் எழுதுகிறவர்கள் தாமாக அக்கண்டிப்பை மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.

வரைவதற்கு முன்

நல்ல காலமாக, நம்மிடம் அடிப்படைப் படம் ஆயத்தமாக இருக்கிறது. இந்தியாவில் மிகப் பழமையான முறையான நில அளவைகளுள் ஒன்று நமது அண்டையிலேயே நடந்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கைமாறியபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோ முதலியோரும் திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலங்களை அளந்து தீர்வை கட்டினார்கள். அதற்குப் பின் வந்த அளவைகளின் பயனாக, இன்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியே புலப்படம் உள்ளது. கற்கள் எங்கே, ஒரு கல்லிலிருந்து மற்றொரு கல்லுக்கு எவ்வளவு தூரம், வரப்பு எங்கே வளைகிறது என்பவையெல்லாம் அதில் காணும். பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் சர்க்காரின் இணையதளத்திலேயே பார்க்கலாம். எனினும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்வது நலம். அண்மையில் செய்த உட்பிரிவு இணையத்தில் ஏறாமல் இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தாய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சர்வே எண்ணும் இன்றைய பட்டாவிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. ஏக்கர், செண்டு என்பது ஹெக்டேர், ஏர் ஆயிற்று. மாவட்டப் பெயரும் அவ்வாறே. பழைய பத்திரத்தில் வட ஆற்காடு என்றிருக்கும். பின்னர் எழுதியதில் வேலூர் என்றிருக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 நவம்பர் முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. புதிய பத்திரத்தில் இன்றைய மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவற்றை எழுதி, முன்னைய பெயரையும் சேர்த்துவிட வேண்டும். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், பின்னால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பவருக்கு அந்தக் குத்தகை தென்படவே தென்படாது. குத்தகை இருப்பது தெரியாமல் நிலத்தை வாங்கினவர், குத்தகைதாரரோடு வழக்காட நேரிடும்.

அளவுகளைப் பற்றிய சில எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு செண்டு 435.6 சதுர அடி; அல்லது 40.47 சதுர மீட்டர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 செண்டு. பழைய புலப்படங்களில் தூரம் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ். 150 லிங்க்ஸ் என்பதை 150 அடி என்று படித்துவிட்டால் 51 அடி தவறிப்போகும். உண்மையில் அது 99 அடிதான். இந்தத் தவறு படித்தவர்களிடமும் நேரக் கண்டிருக்கிறேன்.

அளப்பதும் வரைவதும்

புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இருதரப்பாரும் நிலத்திற்குச் செல்ல வேண்டும். முதலில் சர்வே கற்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கல் காணவில்லையென்றால், தோராயமாக ஒரு முளையை அடித்துக்கொண்டு அங்கிருந்து அளப்பது கூடாது. உரிய கட்டணம் செலுத்தி நில அளவரை வரவழைத்துக் கல்லை நிலைநாட்டிக்கொள்ள வேண்டும். நாட்கள் ஆகலாம். ஆனாலும் காத்திருப்பது நன்று. தவறான முளையிலிருந்து எடுத்த அளவுகள் எல்லாம் தவறாகவே போய் முடியும்.

கற்கள் கிடைத்தபின், குத்தகைப் பகுதியின் ஒவ்வொரு மூலைக்கும் குறைந்தது இரண்டு சர்வே கற்களிலிருந்து தூரம் அளந்து எழுத வேண்டும். இதுதான் முக்கியமான அம்சம். வேலி விழலாம், வரப்பு கரையலாம், சாலையை அகலப்படுத்தும்போது ஓரம் நகரலாம். மூலை இன்ன கல்லிலிருந்து இவ்வளவு தூரம் என்று இரு கற்களிலிருந்து எழுதி வைத்தால், முப்பது ஆண்டுகள் கழித்து வரும் புது மனிதனும் ஒரு நாடாவைக் கொண்டு அதே இடத்தில் வந்து நிற்க முடியும். பிறகு நான்கு பக்கங்கள், மேலே சொன்ன மூலைவிட்டம் ஆகியவற்றை அளக்க வேண்டும். நாடாவைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது; மேடு பள்ளத்தின் மேல் படிய விட்டால் நீளம் கூடும்.

படம் வரையும்போது அளவுத்திட்டத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். அரை ஏக்கருக்கு உட்பட்ட துண்டுக்கு, நிலத்தில் 5 மீட்டருக்குத் தாளில் 1 செண்டிமீட்டர் என்பது வசதியானது. நமது வழக்கிலுள்ள நிலம் அப்போது 6 செண்டிமீட்டர் முகப்பாக வரும். அளவுத்திட்டத்தை எண்ணால் எழுதுவதோடு நிற்காமல், ஓர் அளவுக்கோடு போட்டு 0, 10, 20 மீட்டர் என்று அதன்மேல் குறிக்க வேண்டும். நகல் எடுக்கும் இயந்திரம் படத்தைச் சுருக்கினாலும் பெருக்கினாலும் அளவுக்கோடும் கூடவே சுருங்கிப் பெருகும். இணையத்திலிருந்து அச்சிட்ட புலப்படத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்து பார்த்து ஏமாந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வடக்கு நோக்கிய அம்புக்குறியும், ஊர், தாலுகா, மாவட்டம், உட்பிரிவுடன் கூடிய சர்வே எண்ணும் படத்திலேயே இருக்க வேண்டும். முழுப் புலத்தின் உருவத்தைச் சிறியதாக ஒரு மூலையில் வரைந்து, அதில் குத்தகைத் துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டினால் பார்ப்பவருக்கு உடனே விளங்கும். குத்தகைப் பகுதியைச் சிவப்புக் கோட்டால் சூழ்ந்து காட்டுவது நல்ல முறை. ஆனால் கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் கறுப்பாகிவிடும். ஆகையால் உள்ளே சாய்கோடுகளும் போட்டு, மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டுவிட வேண்டும். குத்தகைதாரருக்குச் சொந்த அனுபவமாக விடாமல், போக்குவரத்துக்கு மட்டும் அனுமதிக்கும் பாதையையும், விடுபவர் தமக்கென வைத்துக்கொள்ளும் பாதையையும் புள்ளிக்கோடுகளால் வேறுபடுத்தி, அகலத்தையும் எழுத வேண்டும். கிணறு, மோட்டார் கொட்டகை, மின்கம்பம், பாசன வாய்க்கால், பெரிய மரங்கள் ஆகியவையும் படத்தில் வர வேண்டும். புளியமரத்தின் பலன் யாருக்கு என்று எழுதாத பத்திரங்களால் எத்தனை புகார்கள் வருகின்றன என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கட்டிடத்தில் ஒரு மாடியை மட்டும் விடுவதானால், அந்த மாடியின் அறைகள், மாடிப்படி, பொது நடை, கழிப்பிடம் ஆகியவற்றைக் காட்டும் தளப்படம் தனியே வேண்டும்.

வரைபடத்தை முடித்தபின் பத்திரத்தின் வாசகத்தை எழுத வேண்டும். முன்னதாக எழுதிப் பிறகு படத்தை ஒட்டுவது முரண்பாட்டுக்கு இடமாகும். 'இத்துடன் இணைத்துள்ள வரைபடத்தில் அ, ஆ, இ, ஈ எனக் குறித்துச் சிவப்புக் கோட்டால் சூழப்பட்ட பகுதி' என்று எழுதி, அளவுகளையும் பரப்பையும் படத்திலுள்ளவாறே திருப்பி எழுத வேண்டும். 'சுமார்' என்னும் சொல்லைக் கூடியவரையில் விலக்குக. படத்தில் இருதரப்பாரும் சாட்சிகளும் கையெழுத்திட்டு, அளந்தவர் பெயரையும் அளந்த தேதியையும் குறித்து, அதே போன்ற நகலையும் தயார் செய்துகொண்டால் பதிவு அலுவலகத்திற்குச் செல்லலாம். பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். குத்தகைக் காலம் நீளுந்தோறும் முத்திரைத் தீர்வையின் விகிதமும் கூடுமாதலால், காலத்தை முடிவு செய்வதற்கு முன் அவ்விகிதத்தைப் பதிவு அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நல்லது.

நமது வட்டாரத்தின் தனிக் கவலை

தோல் தொழில் வட்டாரத்தில் குத்தகை வரைபடத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பலர் அறிவார்கள். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போய்விட்டது என்னும் ஆய்வு விவரம் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை அதில் நிலைநிறுத்தப்பட்டது. 2025 ஜனவரி 30-இல் மற்றொரு தீர்ப்பிலும் அந்நீதிமன்றம் இதை வலியுறுத்தியது.

நிலத்தை விடுகிற விவசாயி இதிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். உப்புப் போட்ட பச்சைத்தோலை அடுக்கும் கிடங்குக்கும், பதனிட்ட தோலைத் தைக்கும் கொட்டகைக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. முன்னதில் உப்பு தரையில் இறங்கும். மழை பெய்தால் கிணற்றை நோக்கிச் செல்லும். எந்தக் காரியத்திற்காக நிலம் விடப்படுகிறது என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதி, கழிவுநீர் எங்கே சேர்கிறது, எவ்வழியே வெளியேறுகிறது, கிணற்றுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பதை வரைபடத்தில் காட்டச் செய்ய வேண்டும். குத்தகை தொடங்கும் நாளில் கிணற்று நீரைப் பரிசோதனை செய்து அறிக்கையைப் பத்திரத்தோடு வைத்துக்கொண்டால், பின்னால் நீர் கெட்டுப்போனால் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அத்தாட்சி கிடைக்கும். இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

குத்தகை வரைபடம் பதிவானதனாலேயே அங்கு எதையும் கட்டிவிடலாம் என்று கருதலாகாது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்றுவதற்கும், கட்டிடத்திற்கும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். கழிவுநீர் வெளியேறும் தொழிலானால் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தேவை. கட்டிட அனுமதிக்குத் தயாரித்த படத்தையே குத்தகைப் பத்திரத்தோடு சேர்த்துவிடுவதும் சரியன்று. அது கட்டிடத்தைக் காட்டும். நிலத்தின் எல்லையைச் சர்வே கற்களோடு பிணைத்துக் காட்டாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் நிலம், உள்ளாட்சி நிலம், அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம் ஆகியவற்றை உரிய அனுமதியின்றிக் குத்தகைக்கு விடும் பத்திரத்தைப் பதிவு செய்ய, பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு இடந்தராது. தனியார் நிலத்தை ஒட்டி ஏரிப் புறம்போக்கோ ஓடையோ இருக்குமானால், குத்தகைத் துண்டின் கோடு அதற்குள் நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி ஊராருக்கு எடுத்துச் சொல்லலாம். புலப்படத்தை ஒட்டி வரைந்த படத்தில் இந்தத் தவறு உடனே வெளிப்பட்டுவிடும். வாய்ச்சொல்லால் எழுதிய நான்கெல்லையில் அது தெரியாமலே போய்விடும்.

இனி அந்த வழக்குக்கு வருவோம். நில அளவர் வந்து புலத்தின் கற்களைக் கண்டு சரிபார்த்தார். புலத்தின் எல்லை எது என்பதை அவரால் சொல்ல முடிந்தது. குத்தகையின் எல்லை எது என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லும் படம் எங்குமே இல்லையே! ஆகவே பழையது எப்படி என்று வாதாடுவதை விட்டுவிட்டு, இனி எப்படி இருக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். சாய்ந்த வரப்பின் மேல் 40 மீட்டர் என்று விவசாயி அளந்த அளவே நிற்பதென்றும், குத்தகையை 30 செண்டுக்கன்றி 25.68 செண்டுக்கே கணக்கிடுவதென்றும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வடக்கு மூலைகள் இரண்டிலும் புதிய கற்கள் நடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சர்வே கற்களிலிருந்து தூரம் எழுதப்பட்டது. கற்களுக்கு வடக்கே 12 அடி அகலத்தில் கிணற்றுப் பாதை புள்ளிக்கோடுகளால் காட்டப்பட்டது. மீதமுள்ள ஆறு ஆண்டுகளுக்கு இருவரும் கையெழுத்திட்ட புதிய பத்திரம், படமும் அதன் நகலுமாகப் பதிவு செய்யப்பட்டது. அதற்கு மறுநாள் கொட்டகைக்காரரின் ஆட்களே வேலிக்கம்பிகளைப் பிடுங்கி, ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே நகர்த்தி நட்டார்கள்.